பைக்காரா முதல் காடம்பாறை வரை: புனல் மின்சாரத்தின் முதலீட்டு மதிப்பை அளவிடும் முறை

ஆய்வுச் சுருக்கம்

எரிபொருட் செலவு இல்லை, புகை இல்லை, நீர் மீண்டும் மீண்டும் கிடைக்கிறது என்பனவே புனல் மின்சாரத்தின் நன்மைகளாகப் பெரும்பாலும் கூறப்படுகின்றன. இவை உண்மையே எனினும், ஒரு முதலீடு என்ற நிலையில் அதன் மதிப்பை விளக்க இவை போதா. தமிழ்நாட்டின் பைக்காரா, குந்தா, மேட்டூர், காடம்பாறை நிலையங்களைச் சான்றாகக் கொள்ளும் இக்கட்டுரை, புனல் மின்சாரத்தின் மதிப்பு ஆண்டுக்கு எத்தனை யூனிட் கிடைக்கிறது என்பதைவிட, அது எந்த நேரத்தில் கிடைக்கிறது, எத்தனை தலைமுறைக்குக் கிடைக்கிறது என்பவற்றையே மிகுதியும் சார்ந்துள்ளது என்பதை விளக்குகிறது. இம்மதிப்பைக் குறைக்கும் இடர்களும், கணக்கேட்டில் இடம்பெறாத இழப்புகளும் உடன் ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: புனல் மின்சாரம், பைக்காரா, காடம்பாறை, நீரேற்று மின்நிலையம், தள்ளுபடி வீதம், நீலகிரி.

முன்னுரை

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு 1962இல் மின்னாக்கம் தொடங்கும் காலம் வரை சென்னை மாநிலத்தின் மின்தேவையைப் பெரிதும் நிறைவேற்றியவை மலைகளிலிருந்து இறங்கிய ஆறுகளே. இன்று தமிழ்நாட்டு மின்வாரியத்தின் புனல் மின்திறன் ஏறத்தாழ 2,300 மெகாவாட். காற்றாலைகளின் நிறுவுதிறனோ 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஆண்டு முழுவதும் உற்பத்தியாகும் யூனிட்டுகளைக் கூட்டிப் பார்ப்போர்க்குப் புனல் மின்சாரம் பழம்பெருமையின் எச்சமாகவே தோன்றும். ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் மின்சுமை ஏறும் நேரத்தில் சுமை அனுப்புகை மையத்தில் அமர்ந்திருக்கும் பொறியாளர் முதலில் நாடும் நிலையங்களுள் குந்தாவும் காடம்பாறையும் இருக்கும். கூட்டுத்தொகையில் சிறுத்துத் தெரிவது அந்த நேரத்தில் பெரிதாகிவிடுகிறது. இந்த முரண் எவ்வாறு எழுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

நீர்வீழ் உயரமும் ஓட்டமும்

புனல் மின்நிலையத்தின் திறனை இரண்டு அளவுகள் முடிவுசெய்கின்றன: நீர் விழும் உயரம், ஒரு நொடியில் பாயும் நீரின் அளவு. இவ்விரண்டின் பெருக்கற்பலனே, சுழலியும் மின்னாக்கியும் இழக்கும் சிறு பகுதி நீங்கலாக, மின்திறனாக மாறுகிறது. நவீனச் சுழலிகள் நீரின் ஆற்றலில் 90 விழுக்காடு வரையிலும் சில வேளை அதற்கு மேலும் சுழற்சியாக மாற்றவல்லன. அனல் மின்நிலையங்களுள் பெரும்பாலானவை நிலக்கரியின் வெப்பத்தில் 40 விழுக்காட்டைக் கூட மின்சாரமாக மாற்ற இயலாதவை என்பதை நோக்க, இது பெரிய வேறுபாடு.

உயரத்தின் முதன்மையை ஓர் எளிய கணக்கு காட்டும். பைக்காரா ஆற்றின் நீர் கிளன்மார்கனிலிருந்து சிங்காராவிலுள்ள மின்நிலையத்திற்கு அழுத்தக் குழாய் வழியாக 900 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஒரு கன மீட்டர் நீர் 900 மீட்டர் இறங்கினால், மொத்தச் செயல்திறனை 85 விழுக்காடு எனக் கொண்டால், ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதே ஒரு கன மீட்டர் நீர், மேட்டூர் போன்ற சமவெளி விளிம்பு அணையில் 40 மீட்டர் இறங்கினால் கிடைப்பது பத்தில் ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. எனவே உயர்ந்த மலையில் அமைந்த நிலையத்திற்குச் சிறிய நீர்த்தேக்கமே போதும். அதே மின்திறனுக்கு மூழ்கடிக்கப்படும் நிலமும் குறையும். நீலகிரி, ஆனைமலைப் பகுதிகள் நீர்வளத்தில் இமயமலை ஆறுகளுக்கு எவ்வகையிலும் ஈடாகாதவை. ஆயினும் அவை புனல் மின்சாரத்திற்கு ஏற்றவையானது மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான சரிவினால்தான்.

மற்றொரு பண்பும் இங்குக் கருதத்தக்கது. மின்னாக்கத்தில் நீர் செலவாவதில்லை. அதன் உயரமே செலவாகிறது. சிங்காராவில் சுழலியைச் சுழற்றிய நீர் மரவக்கண்டி வழியாகச் சென்று மாயாறு மின்நிலையத்தில் மீண்டும் மின்சாரம் தருகிறது. பின்னர் மாயாறாகப் பவானிசாகரை அடைந்து கீழ்பவானி பாசனத்திற்குப் பயன்படுகிறது. குந்தாவின் நீர் படிப்படியாகப் பல மின்நிலையங்களைக் கடந்து பில்லூர் வந்தடைகிறது. கோவையின் குடிநீருக்கும் அதுவே ஆதாரம். ஒரே நீர் மூன்று நான்கு முறை ஈட்டித் தரும்போது, அணைக்கும் சுரங்கத்திற்கும் இட்ட முதலை எந்த ஒரு நிலையத்தின் பெயரில் மட்டும் எழுதுவது என்பது கணக்காளர்க்கே சிக்கலான வினாவாகிறது.

கட்டும்போதே முடிந்துவிடும் செலவு

தென்னிந்தியாவில் பெரிய அளவிலான புனல் மின்சாரத்திற்கு முன்னோடி மைசூர் அரசின் சிவசமுத்திரம் ஆகும். 1902இல் அங்கிருந்து கோலார் தங்க வயலுக்கு ஏறத்தாழ 147 கி.மீ. தொலைவு மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டது. அத்திட்டத்தில் வாங்குபவர் முன்னரே உறுதியாக இருந்தார். சுரங்கத்தின் தேவைக்காகவே நிலையம் எழுந்தது. சென்னை மாகாண அரசு பைக்காராவில் மேற்கொண்ட முயற்சி இதனினும் துணிவானது. 1929இல் பணி தொடங்கி 1932இல் மின்னாக்கம் தொடங்கியபோது உலகமெங்கும் பொருளாதாரப் பெருமந்தம் நிலவியது. மின்சாரத்தை வாங்கவிருந்த தொழில்களுள் பல இன்னும் தோன்றவே இல்லை.

பின்னர் நிகழ்ந்தது வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்ததே. கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் 1930களில் விரைந்து பெருகியதற்குப் பைக்காரா மின்சாரம் முதன்மையான காரணங்களுள் ஒன்று. கிணற்றுப் பாசனத்தை நம்பியிருந்த அவ்வட்டார உழவர்களிடம் மின்பம்புசெட்டு பரவியதும் இதனாலேயே. இங்கு ஆய்வாளர் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: பைக்காராவின் பெரும் ஆதாயம் மின்துறையின் வரவேட்டில் பதிவாகவில்லை, ஆலைகளின் இலாபத்திலும் கிணற்று நிலங்களின் விளைச்சலிலுமே பதிவானது. மின்கட்டண வருவாயை மட்டும் வைத்து அத்திட்டத்தை மதிப்பிடுவது, சாலையை அதன் சுங்க வசூலைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவதைப் போன்றதாகும்.

புனல் மின்நிலையத்தின் செலவமைப்பு பிறவற்றினின்று வேறுபட்டது. அணை, சுரங்கம், அழுத்தக் குழாய், மின்நிலையக் கட்டடம், இயந்திரம் எனச் செலவின் மிகப் பெரும் பகுதி முதல் யூனிட் பிறக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. அதன்பின் இயக்கமும் பராமரிப்பும் மட்டுமே எஞ்சும். நிலக்கரி விலையும் சரக்குக் கட்டணமும் ஏறும்போது அனல் மின்சாரத்தின் அடக்கவிலை உடன் ஏறுகிறது. 1930களின் ரூபாயில் வெட்டிய சுரங்கத்தின் செலவோ 1930களின் ரூபாயிலேயே உறைந்துவிடுகிறது. கடன் தீர்ந்த பின்னர் அந்நிலையம் தரும் ஒவ்வொரு யூனிட்டும் அன்றைய சந்தை விலைக்கு ஈடானது. அதன் அடக்கச் செலவோ மிகச் சிறியது. விலைவாசி உயர்வு பிற நிலையங்களுக்குச் சுமையாக, புனல் மின்நிலையத்திற்கு ஆதாயமாக மாறுகிறது.

இயந்திரம் தேய்ந்தாலும் இடம் தேய்வதில்லை. பைக்காராவின் பழைய நிலையம் படிப்படியாக விரிவுபெற்று 59.2 மெகாவாட் திறனை எட்டியது. 2005இல் அதே ஆற்றின் நீரைக் கொண்டு, சிங்காராவிலேயே நிலத்தடியில், தலா 50 மெகாவாட் திறனுடைய மூன்று அலகுகளுடன் புதிய நிலையம் இயங்கத் தொடங்கியது. முக்குறுத்தி அணையும் பைக்காரா அணையும் முன்பே இருந்தவை. முந்தைய தலைமுறை தேக்கி வைத்த நீரையே புதிய நிலையமும் பயன்கொண்டது.

நெடுங்காலத்தைக் கணக்கிடும் விதம்

இத்தகைய நீண்ட ஆயுளை முதலீட்டுக் கணக்கு எவ்வாறு மதிப்பிடுகிறது? இங்குதான் புனல் மின்சாரத்திற்குப் பாதகமான ஒரு நுட்பம் மறைந்துள்ளது. எதிர்காலத்தில் கிடைக்கும் வருவாயை இன்றைய மதிப்பிற்கு மாற்றுவதற்குப் பொருளியலாளர் தள்ளுபடி வீதத்தைப் பயன்படுத்துவர். அவ்வீதம் 10 விழுக்காடு எனில், 50 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு ஒரு காசுக்கும் குறைவு. 4 விழுக்காடு எனில் 14 காசு.

இதன் விளைவை இரு நிலையங்களைக் கொண்டு விளக்கலாம். ஆண்டுதோறும் ஒரே நிகர வருவாய் தரும் இரு நிலையங்களுள் ஒன்று 25 ஆண்டும் மற்றொன்று 50 ஆண்டும் இயங்குவதாகக் கொள்வோம். 10 விழுக்காட்டு வீதத்தில், ஆண்டுக்கு ஒரு ரூபாய் வருவாயின் இன்றைய மதிப்பு முன்னதற்கு 9.08 ரூபாய், பின்னதற்கு 9.91 ரூபாய். கூடுதலாக 25 ஆண்டுகள் உழைத்தும் நீண்ட ஆயுளுடைய நிலையம் பெறும் மதிப்பு 9 விழுக்காடே மிகுதி. 4 விழுக்காட்டு வீதத்தில் இவ்விரு மதிப்புகளும் முறையே 15.62, 21.48 ரூபாய், வேறுபாடு 37 விழுக்காட்டைக் கடக்கிறது. நிலையம் மாறவில்லை, ஆறு மாறவில்லை. கணக்கிடுவோரின் பொறுமையின் அளவே மாறியிருக்கிறது. விரைவில் ஈட்டம் தேடும் தனியார் முதல் நீலகிரியின் பெருந்திட்டங்களைக் கட்டவில்லை என்பதற்கும், அரசும் அரசுகளுக்கிடையிலான உதவியுமே அவற்றைக் கட்டின என்பதற்கும் இது பொருந்திய விளக்கமாகும். 1950களில் தொடங்கிய குந்தாத் திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் எழுந்ததாகும்.

ஒழுங்குமுறை விதிகள் இவ்வாயுளை மெல்ல ஏற்று வருகின்றன. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் 2019ஆம் ஆண்டின் கட்டண நெறிமுறைகளில் புனல் மின்நிலையத்தின் பயனுறு ஆயுளை 35 ஆண்டிலிருந்து 40 ஆண்டாக உயர்த்தியது. நிலக்கரி நிலையத்திற்கு அது 25 ஆண்டு. ஆண்டு நிலைச்செலவில் பாதி, நிலையம் ஆயத்தமாக இருப்பதற்கான திறன் கட்டணமாகவும், மறுபாதி உண்மையில் வழங்கிய மின்சாரத்திற்கான ஆற்றல் கட்டணமாகவும் பெறப்படுகின்றன. அதாவது, ஆயத்தமாக இருப்பதே விலைபெறும் பொருளாக ஏற்கப்பட்டுள்ளது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய புனல் மின்திட்டங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வகையுள் மைய அரசு சேர்த்தது.

எவ்வளவு என்பதிலிருந்து எப்போது என்பதற்கு

தமிழ்நாட்டில் காற்றாலைகள் மிகுதியாக மின்சாரம் தருவது ஏறத்தாழ மே இறுதி முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் புகுந்து வீசும் காலத்தில். நீலகிரியின் மேற்குச் சரிவிலும் ஆனைமலையிலும் மழை பொழிந்து நீர்த்தேக்கங்கள் நிறையும் காலமும் அதுவே. மேலோட்டமாக நோக்கினால் இது தீய பொருத்தம். இரண்டும் ஒரே வேளையில் வருகின்றன. ஆனால் காற்றைத் தேக்கி வைக்க இயலாது. நீரைத் தேக்கி வைக்க இயலும். காற்று வீசும்போது மதகை மூடி, காற்று ஓய்ந்ததும் திறந்தால், காற்றாலையின் மிகை மின்சாரமே மறைமுகமாக அவலாஞ்சியிலும் எமரால்டிலும் நீராகச் சேமிக்கப்பட்டதாகிறது. இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. நீரை எப்போது விடுவது என்ற முடிவு ஒன்றே போதும்.

புனல் மின்னாக்கி நின்ற நிலையிலிருந்து முழுத்திறனை எட்டச் சில நிமிடங்களே தேவை. குளிர்ந்து கிடக்கும் அனல் அலகிற்கோ பல மணி நேரம் வேண்டும். இயங்கும்போதும் அதன் உற்பத்தியை ஒரு வரம்பிற்குக் கீழே குறைத்தல் கடினம். மின்கட்டமைப்பு முழுவதும் செயலிழந்த வேளையில் வெளியிலிருந்து மின்சாரம் பெறாமலேயே தன்னை இயக்கிக்கொண்டு பிற நிலையங்களை உயிர்ப்பிக்கவும் புனல் மின்நிலையம் வல்லது. இத்தகைய பணிகளுக்கு நம் நாட்டில் போதிய விலை கிடைக்காமையே, புனல் மின்சாரம் தன் தகுதியினும் குறைவாக மதிக்கப்படுவதற்குத் தலையாய காரணம் என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

சேமிப்பின் முழு வடிவத்தைக் காடம்பாறையில் காணலாம். ஆனைமலைப் பகுதியில், தலா 100 மெகாவாட் திறனுடைய நான்கு அலகுகளைக் கொண்ட இந்நிலையம் 1987 முதல் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. இங்கு மேலே காடம்பாறை நீர்த்தேக்கம். கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். தேவை மிகுந்த நேரத்தில் நீர் கீழிறங்கி மின்சாரம் தருகிறது. மின்சாரம் மிகுந்த நேரத்தில் அதே இயந்திரம் எதிர்த்திசையில் சுழன்று நீரை மேலேற்றுகிறது. இந்தியாவில் நீரேற்றும் முறையிலும் உண்மையாகவே இயங்கிவரும் சில நிலையங்களுள் இதுவும் ஒன்று.

நீரேற்று நிலையம் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, இழக்கவே செய்கிறது என்பர் சிலர். இது சரியே. நீரேற்ற 100 யூனிட் செலவிட்டால் திரும்பக் கிடைப்பது 70 முதல் 80 யூனிட் வரை. ஆனால் நெல்லைக் குதிரில் இட்டு வைப்பவர் எலியும் ஈரமும் கொள்ளும் பங்கை அறிந்தே வைக்கிறார். அறுவடைக் காலத்து விலைக்கும் ஆடி மாதத்து விலைக்கும் உள்ள இடைவெளி அவ்விழப்பை ஈடுசெய்யும். நண்பகலில் சூரிய மின்சாரம் மிகுந்து யூனிட் 3 ரூபாய்க்குக் கிடைக்கிறது, திரும்பப் பெறும் அளவு 75 விழுக்காடு எனக் கொண்டால், மாலையில் அதன் எரிபொருள் அடக்கவிலை 4 ரூபாய். மாலைச் சந்தை விலை அதனினும் எவ்வளவு மிகுதியோ அந்த இடைவெளியிலிருந்தே முதலீட்டின் வட்டியும் தேய்மானமும் திரட்டப்பட வேண்டும். எனவே நீரேற்று நிலையத்தில் முதலிடுவோர் பந்தயம் கட்டுவது மின்சாரத்தின் விலைமீது அன்று. இரு வேளை விலைகளுக்கு இடையிலான வேறுபாட்டின்மீதே ஆகும். சூரிய மின்சாரம் பெருகப் பெருக அவ்வேறுபாடு விரியும். மின்கலச் சேமிப்பு மலிந்தால் அது சுருங்கும். சில மணி நேரச் சேமிப்பில் மின்கலங்கள் ஏற்கெனவே வலுவான போட்டியாக வளர்ந்துவிட்டன. நெடுநேரச் சேமிப்பிலும் நீண்ட ஆயுளிலும் நீரே முன்னிற்கிறது.

இடர்கள்

புனல் மின்சாரத்தை இடரற்ற முதலீடு என்று கூறுவது பிழையாகும். முதல் இடர் மழை. 2016-17 வறட்சியைப் போன்ற ஆண்டுகளில் நீர்த்தேக்கங்கள் வற்ற, கடன் தவணை மட்டும் வற்றாமல் நிற்கும். இரண்டாவது, நீரின்மீது மின்துறைக்கு முழு உரிமை இல்லாமை. மேட்டூரில் நீர் திறக்கப்படுவது டெல்டாப் பாசனத்திற்காக. மரபாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. அங்கு மின்சாரம் பாசனத்தின் துணைவிளைவாகவே பிறக்கிறது. மாலைச் சுமைக்காக மட்டும் மதகைத் திறக்க இயலாது. ஆகவே மேட்டூரின் ஒரு மெகாவாட்டையும் குந்தாவின் ஒரு மெகாவாட்டையும் ஒரே விலைக்குரியனவாகக் கருதுதல் தகாது.

மூன்றாவது, கட்டுமானக் காலம் நீளுதல். அருணாசலப் பிரதேச - அசாம் எல்லையிலுள்ள 2,000 மெகாவாட் கீழ் சுபன்சிரித் திட்டம் 2005இல் தொடங்கி, 2011 முதல் 2019 வரை எதிர்ப்பாலும் வழக்காலும் முடங்கிக் கிடந்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ 6,285 கோடி ரூபாயாக இருந்த மதிப்பீடு மும்மடங்கைக் கடந்தது. கட்டும் காலத்தில் சேரும் வட்டி முதலோடு முதலாகிவிடுவதால், செலவெல்லாம் முன்னரே முடிந்துவிடும் என்ற அதே பண்பு இங்குத் தண்டனையாக மாறுகிறது. சிக்கிமில் 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் கட்டத் திட்டத்தின் அணையை 2023 அக்டோபரில் பனியேரி உடைப்பு வெள்ளம் அடித்துச் சென்றது. இளம் மடிப்பு மலையான இமயத்தின் இவ்விடரைத் தொன்மையான கெட்டிப் பாறையில் அமைந்த நீலகிரித் திட்டங்கள்மேல் அப்படியே ஏற்றிக் காண வேண்டியதில்லை.

நீலகிரிக்கு உரிய இடர் வேறு: வண்டல். சரிவுகளில் உருளைக்கிழங்கும் பிற மலைக்காய்கறிகளும் பயிரிடப்பட, ஒவ்வொரு மழையிலும் மண் அரித்துக் குந்தா, பில்லூர் நீர்த்தேக்கங்களில் படிகிறது. தேக்கத்தின் கொள்ளளவு குறைந்தால், நீரை மாலை வரை நிறுத்தி வைக்கும் ஆற்றலும் குறைகிறது. மழை அதே அளவு பெய்தும், நீர் வழிந்தோடிவிடும். சென்ற பகுதியில் கூறிய நேர மதிப்பை முதலில் அரித்துத் தின்பது இவ்வண்டலே. தூர்வாருவதைப் பராமரிப்புச் செலவின் ஒரு சிறு தலைப்பாகக் கருதாமல் மூலதன முதலீடாகவே கருத வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். நீர்ப்பிடிப்பிலுள்ள சோலைக்காடுகளைக் காப்பதும் அவ்வகைச் செலவே.

கணக்கேட்டிற்கு வெளியே

இதுவரை கூறிய நன்மைகளின் விலையை யார் கொடுத்தனர் என்பது தனி வினா. பைக்காரா ஆறு தோடர் மரபில் புனிதமானது. கடப்பதற்கும் விதிமுறைகள் உடையது. நீலகிரியின் மேற்குப் பீடபூமியில் நீர்த்தேக்கங்கள் மூழ்கடித்த புல்வெளிகள் அவர்தம் எருமைகளின் மேய்ச்சல் நிலங்களாகவும் இருந்தன. போர்த்திமந்து என்னும் அணையின் பெயரிலுள்ள ‘மந்து’ தோடர் குடியிருப்பைக் குறிக்கும் சொல் என்பதை அணைகளின் பட்டியலைப் படிப்போர் பலரும் கவனிப்பதில்லை. சிங்காராப் பகுதி யானைகளின் வழித்தடத்தில் அமைந்ததால் அங்குப் புதிய நிலையம் கட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், அண்மையில் சில்லஹல்லா நீரேற்றுத் திட்டத்திற்கு நீலகிரி மக்களிடையே எழுந்துள்ள எதிர்ப்பும் இதே வினாவின் தொடர்ச்சியே.

இவ்விழப்புகளைப் பணமாக மாற்றி அடக்கவிலையில் சேர்த்துவிட்டால் போதும் என்ற வாதம் எனக்கு உடன்பாடானதன்று; ஒரு மந்து மூழ்கினால் அதற்கு மாற்று விலை இல்லை. ஆனால் முதலீட்டு இடங்களைத் தரப்படுத்த இவ்வுண்மை ஒரு தெளிவான அளவுகோலைத் தருகிறது. புதிய பள்ளத்தாக்கை மூழ்கடிக்கும் திட்டம் ஒரு வகை. முன்பே உள்ள இரு நீர்த்தேக்கங்களைச் சுரங்கத்தால் இணைக்கும் திட்டம் வேறு வகை. போர்த்திமந்தை மேல் தேக்கமாகவும் அவலாஞ்சி - எமரால்டைக் கீழ்த் தேக்கமாகவும் கொண்டு, தலா 125 மெகாவாட் வீதம் நான்கு அலகுகளுடன் திட்டமிடப்பட்ட 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பாறையைக் குடைவதாலும் கழிவைக் கொட்டுவதாலும் விளையும் கேடு அதிலும் உண்டு. ஆயினும் புதிதாக மூழ்கும் நிலத்தின் அளவில் அதனைச் சில்லஹல்லாவோடு ஒப்பிட முடியாது. சேமிப்பிற்காகவே இனிப் புனல் மின்சாரத்தில் முதலிடுவது எனில், மலைகளில் ஏற்கெனவே உள்ள அணைகளுள் எவ்விரண்டை இணைக்க இயலும் என்பதை முதலில் ஆராய்வதே முறை. அவ்வாய்வில் நீர்வீழ் உயரம், தேக்கங்களுக்கு இடையிலான தொலைவு, வண்டலின் அளவு ஆகியவற்றோடு, அந்நீரின் கரையில் வாழ்வோரின் ஒப்புதலும் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும். எட்டாண்டு முடங்கிக் கிடந்த சுபன்சிரியின் கணக்கு, பணத்தை மட்டும் நோக்குவோர்க்கும் அதற்குப் போதிய காரணம் காட்டும்.